மோட்டார் முத்தியாலுவின் மீசை

அத்தியாயம் 7

கவரைப் பிரிப்பதற்கே கலீல் ரஹ்மானுக்கு அலுப்பாக இருந்தது.

ஐம்பத்தேழு வயது. அதில் முப்பது வருடம் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணங்களை விசாரித்தே போய்விட்டது. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு இடத்தில் மனசு இருக்கிறதா, அமெரிக்கா என்று சொன்னது அமெரிக்காதானா. உக்கடத்தில் ஒரு மாடியறை, முனகும் மின்விசிறி, படியேறினால் வலிக்கும் முழங்கால். இந்தக் கேஸோடு போர்டைக் கழற்றிவிடலாம் என்று கடந்த நாலு கேஸ்களாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"பிரிங்க பாய். வெடிக்காதுங்க," என்றார் அங்கப்பன்.

அங்கப்பன் புளியம்பட்டிக்காரர். பதினோரு வருடம் ஆந்திராவுக்கு லாரி ஓட்டியவர். இடுப்பு போன பிறகு கலீலின் ஆம்னி வேனுக்கு வந்தார். வேன் ஓட்டுவது பாதி வேலை, பேசுவது மீதி.

கவருக்குள் இரண்டு பொருள்கள் இருந்தன. வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு மலர். ஓரம் மடங்கிய ஒரு பழைய போட்டோ.

மலரின் பெயர் 'மர்ரிமானு மணிகள்'. அட்டையில் முறுக்கு மீசையோடு ஒருவர். கீழே: 'மோட்டார் முத்தியாலு. நம் வீட்டுப்பெயரின் தலைமகன்.'

காலையில் அதைக் கொடுத்துவிட்டுப் போனவர் வேங்கடசாமி. எழுபத்தொன்பது வயது. சிங்காநல்லூரில் வார்ப்படப் பட்டறை வைத்திருந்து, மகனிடம் விட்டவர். மர்ரிமானு வீட்டுப்பெயர் உள்ளவர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவருடைய பேத்தி லாஸ்யாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். அதாவது, போன ஞாயிறு வரைக்கும் கல்யாணம். இப்போது கேள்விக்குறி.

"இந்த வீட்டுப்பேரு விஷயத்தை இன்னொரு தடவை சொல்லு, அங்கப்பா."

"எங்கள்ல கூட்டம்னு சொல்றோமுங்க. ஒரே கூட்டத்துல பொண்ணு எடுக்க மாட்டோம். பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி முறை ஆயிருமுங்க. ஊட்டுல தெலுங்கு பேசற இவங்களுக்கு அதுவே வீட்டுப்பேரு. இனிசியல்ல வராது, ஆதார்ல வராது. பொண்ணு பாக்கப் போனாத்தான் பீரோவுல இருந்து வெளிய வருமுங்க."

கலீல் தலையாட்டினார். கதை எளிமையானது. லாஸ்யாவும் அன்னூர் ஸ்ரீனிவாஸும் சரவணம்பட்டியில் ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள். தாங்களே பார்த்து, தாங்களே பிடித்து, பிறகு பெரியவர்களிடம் வந்தார்கள். பையனின் அம்மா பங்காரம்மா, தங்கள் வீட்டுப்பெயர் எர்ரமிட்ட என்று சொன்னார். வேறு பெயர், தடையில்லை. போன ஞாயிறு நிச்சயம். அதே மேடையில் இந்த மலரையும் வெளியிட்டார்கள். மலரைக் கையில் வாங்கிய ஸ்ரீனிவாஸ், அட்டையைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டான்: "இது எங்க கொள்ளுத்தாத்தா. எங்க வீட்டு ஹால்ல இதே போட்டோ இருக்கு."

முத்தியாலு மர்ரிமானு என்றால் பையனும் மர்ரிமானு. பெண்ணுக்கு அண்ணன். பையனின் அம்மா வீட்டுப்பெயரை மாற்றிச் சொல்லிப் பெண்ணை வளைத்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. நாளை காலை பத்து மணிக்கு மர்ரிமானு வீட்டாரின் பெரியவர்கள் வேங்கடசாமி வீட்டில் கூடுகிறார்கள். கல்யாணத்தை நிறுத்துவதா என்று முடிவு செய்ய.

"வேங்கடசாமி கடைசியா நம்மகிட்ட என்ன கேட்டாரு?" என்றார் கலீல்.

"எது உண்மையோ அதை எழுத்துல குடுங்கன்னாருங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள."

கலீலுக்கு அது உறுத்தியது. வழக்கமாக வாடிக்கையாளர்கள் எந்த உண்மை வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அங்கப்பன் மலரைப் புரட்டினார். "பதினேழு மணிகளுங்க பாய். தாலுகாவுல மொதல் பொம்பளை டாக்டர், மர்ரிமானு. சைக்கிள்ல மெட்ராஸ் போயிட்டு வந்தவரு, மர்ரிமானு. ரயில்ல வந்திருக்கலாம், யாரும் சொல்லலை போல. ஜில்லா ஜட்ஜு, மர்ரிமானு. ஹாக்கியில மூணு பல்லு போனவரு, அவரும் மர்ரிமானு. எங்க கூட்டத்துல மலர் போட்டா அட்டை மட்டும்தான் வருமுங்க."

"முத்தியாலு பக்கத்தைப் படி."

"மூடப்பழக்கங்களை வேரோடு எதிர்த்த சீர்திருத்தவாதி. 1951-ல் தந்தை மறைந்தபோதும் மொட்டை அடிக்க மறுத்த மாவீரர்." அங்கப்பன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இங்க ஒரு போட்டோ. 1953 அக்டோபர் இருபது, மோட்டார் பட்டறை திறப்பு விழா. 'திருப்பதி வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு வந்த கோலத்தில்'ங்கறாங்க. மண்டை அறுத்த சோளக்காடு மாதிரி இருக்குது. மீசையும் இல்லைங்க."

கலீல் நிமிர்ந்தார். அலுப்பு ஓர் அங்குலம் நகர்ந்தது.

"அப்பனுக்கு மொட்டை போடாத ஆளு, ரெண்டு வருஷத்துல திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டாரா?"

"எலெக்சன் வந்திருக்குமுங்க. கட்சி மாறியிருப்பாரு."

கலீல் கவரில் இருந்த பழைய போட்டோவை எடுத்தார். பின்பக்கம் பென்சிலில் '1951, பெரியவர் கருமாதி' என்று இருந்தது. ஒரு வீட்டு வாசல். ஒன்பது ஆண்கள், எல்லோரும் மொட்டை, எல்லோருக்கும் மேலுதடு மழமழவென்று. குழந்தைகள் கூட மொட்டை. பத்தாவதாக ஓரத்தில் ஒருவர் மட்டும் முடி கலையாமல், முறுக்கிய மீசையோடு. முத்தியாலு. அவர் மடியில் நாலைந்து வயது மொட்டைக் குழந்தை ஒன்று, மீசையை அண்ணாந்து பார்த்தபடி.

"அங்கப்பா, உங்க சைடுல சாவு விழுந்தா யாரு மொட்டை போடுவாங்க?"

"மகன் போடுவான். பங்காளி போடுவானுங்க." அங்கப்பன் போட்டோவைக் குனிந்து பார்த்தார். அவர் குரல் மெதுவானது. "மாப்பிள்ளை போட மாட்டானுங்க."

மின்விசிறி இரண்டு சுற்று முனகியது.

"இந்த ஆளு சீர்திருத்தவாதி இல்லீங்க பாய். ஊட்டு மாப்பிள்ளைங்க."

"சந்தேகம்தான் அது. சாட்சி இல்ல. ஆனா மாப்பிள்ளையா இருந்தா, 1953-ல அவரு மொட்டை போட்டது சொந்த அப்பாவுக்கா இருக்கணும். அது யாரு, எப்ப செத்தாருன்னு தெரிஞ்சா போதும்." கலீல் எழுந்தார். முழங்கால் ஒருமுறை சொடுக்கியது. "இன்னொண்ணு. மலர்ல இல்லாத இந்தக் கருமாதி போட்டோவை வேங்கடசாமி ஏன் நமக்குக் குடுத்தாரு?"

"கவரு கனமா இருக்கட்டும்னு இருக்குமுங்க. வண்டியை எடுக்கறேன்."

சத்தி ரோட்டில் சரவணம்பட்டி சிக்னலில் கால் மணி நேரம் நின்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பையன்களும் பெண்களும் சாலையைக் கடந்துகொண்டே இருந்தார்கள்.

"இதுல எத்தனை பேருக்கு அவங்க வீட்டுப்பேரு தெரியுமுங்க?" என்றார் அங்கப்பன்.

"கல்யாணம் நின்னா தெரிஞ்சுக்குவாங்க," என்றார் கலீல், கண்ணை மூடிக்கொண்டு.

கோவில்பாளையம் தாண்டியதும் காற்று மாறியது. அன்னூரில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பந்தல் மூங்கில்கள் கட்டாமல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கல்யாணத்துக்காக நட்ட முகூர்த்தக்கால் மட்டும் தனியாக நின்றது. மாவிலை காய்ந்து சுருண்டிருந்தது. ஆனால் காலடி மண் ஈரமாக இருந்தது. கலீல் அதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

பங்காரம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. கணவர் போய் எட்டு வருடம் ஆகிறது. வந்தவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டதும் முகத்தில் கோபம் வரவில்லை. சோர்வுதான் வந்தது.

"பொண்ணு ஊட்டுக்காரங்க அனுப்பிச்சாங்களா? வாங்க. உக்காருங்க. காப்பி குடிச்சுபோட்டு விசாரிங்க. திருட்டுப் பட்டம் குடுத்தவங்க ஆளுக்கும் எங்க ஊட்டுல காப்பி உண்டு."

"சர்க்கரை கம்மியாப் போடுங்க அம்மணி," என்றார் அங்கப்பன். "பாய்க்கு. எனக்கு வழக்கம் போல."

"உங்க வழக்கம் எனக்கெப்படித் தெரியும், தம்பி?"

"இனிமேல் தெரிஞ்சுக்குவீங்கல்லங்க."

அவர் சிரிக்காமல் சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அங்கப்பனின் டம்ளரில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

"வாசல்ல முகூர்த்தக்கால் இன்னும் இருக்குதே," என்றார் கலீல்.

"புடுங்கறதுக்குத் தெம்பில்லைங்க. விட்டுட்டேன்."

"எர்ரமிட்டதான் உங்க வீட்டுப்பேருன்னு சொல்றதுக்கு ஏதாவது காகிதம் இருக்குதுங்களா?"

"யாரு ஊட்டுல இருக்குது? உங்களுக்கு இருக்குதா? எம்மாமனார் சொன்னாரு. எங்க ஊட்டுக்காரரும் சொன்னாரு. நான் சொன்னேன். என் மகன் என்னமோ பெருமையா வாயைத் தொறந்தான். அதோட நான் பொய்க்காரி."

"முத்தியாலு மர்ரிமானு வீட்டுக்குப் பிள்ளையா, மாப்பிள்ளையா?"

பங்காரம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். "நான் சொன்னா எடுபடுமுங்களா? சொல்ல வேண்டிய வாய் கோயமுத்தூர்ல இருக்குது. அது சொல்லட்டும்."

கலீல் எழுந்து ஹாலைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் மூன்று போட்டோக்கள். ஸ்ரீனிவாஸின் அப்பா. அட்டையில் இருந்த அதே முறுக்கு மீசை முத்தியாலு. அதற்கும் மேலே, கூரையை ஒட்டி, புகை படிந்த சட்டத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர்.

"அது யாருங்க?"

"எம்மாமனாருக்குத் தாத்தா. முத்தியாலு தாத்தாவுக்கு அப்பா. பொங்கலுக்குப் பொங்கல் தொடைச்சு மாட்டுவோம்."

அங்கப்பன் நாற்காலி மீது ஏறினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சட்டத்தைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார். கண்ணாடியைத் துண்டால் துடைத்ததும் படத்தின் அடியில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய ஒரு வரி தெரிந்தது. அதற்குக் கீழே எண்கள்: 28-9-1953.

"பட்டறை திறப்புக்கு மூணு வாரம் முன்னால," என்றார் கலீல். "சோளக்காடு எதுக்கு அறுத்தாங்கன்னு தெரிஞ்சு போச்சு. மேல என்ன எழுதியிருக்குது?"

பங்காரம்மா எட்டிப் பார்த்தார். "அது தெலுங்கு எழுத்துங்க."

"படிங்க."

"எனக்குத் தெரியாதுங்களே. எங்களுக்குப் பேச்சுதான் தெலுங்கு. பள்ளிக்கூடம் தமிழு. எம்மாமனாருக்கே தெரியாது. ஏதோ சாமி பேரா இருக்கும்னு விட்டுட்டோம்."

ஒரு நிமிடம் மூன்று பேரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு விட்டத்துக்கடியில் எழுபது வருடமாகத் தொங்கிய வரி. அந்த மொழியில்தான் இந்த வீட்டில் சண்டை போட்டார்கள், தாலாட்டினார்கள், பால்காரனைத் திட்டினார்கள். படிக்க மட்டும் ஓர் ஆளில்லை.

அங்கப்பன் தொண்டையைச் செருமினார்.

"பாய். முன்னால பாதி எனக்குத் தெரியுமுங்க."

"உனக்கா?"

"கடப்பா பக்கம் எர்ரகுண்ட்லான்னு ஒரு ஊரு. சிமெண்டு லோடு. மாசம் நாலு நடை. போர்டைப் பாத்துத் திரும்பாட்டி இருபது கிலோமீட்டர் சுத்தணும், ஓனர் டீசலை என் தலையில கட்டுவாரு. அந்த ஊர் போர்டுல இருக்கற மொத ரெண்டு எழுத்து இதேதானுங்க. எர்ர." விரல் நகர்ந்தது. "இது... அதே ரோட்டுல ராமர் கோயில் ஊரு ஒண்ணு. ஒண்டிமிட்ட. அங்க டீ நல்லா இருக்கும். அந்தப் போர்டோட வாலு இங்க இருக்குது. மிட்ட."

"சேத்துப் படி."

"எர்ர... மிட்ட." அங்கப்பன் விரலை எடுத்தார். "அதுக்கு மேல என் லாரி போனதில்லைங்க."

கலீல் கைபேசியில் படம் எடுத்தார். கடப்பாவில் அங்கப்பனுக்குத் தெரிந்த லாரி புரோக்கர் ஒருவருக்கு அது போனது. அடுத்த டம்ளர் காப்பி முடிவதற்குள் அவர் குரல் வந்தது. 'எர்ரமிட்ட லட்சுமய்யா' என்று படித்துவிட்டு, பழைய பாக்கி டீயைப் பற்றியும் விசாரித்தது.

பங்காரம்மா சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் சுத்தமாகத்தான் இருந்த ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"இதைக் காட்டுனா ஏத்துக்குவாங்களா, பாய்?"

கலீல் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

சிங்காநல்லூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. கதவைத் திறந்தவள் லாஸ்யா. கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் குரல் ஆபீஸ் குரல்.

"தாத்தா உள்ள இருக்காங்க. நல்ல செய்தியா, கெட்ட செய்தியா சார்? கல்யாண லீவை ரத்து பண்ணச் சொல்லி மெயில் டைப் பண்ணி வெச்சிருக்கேன். மூணு நாளா டிராஃப்ட்லயே கிடக்குது."

"அங்கயே கெடக்கட்டும் கண்ணு," என்றார் அங்கப்பன். "டிராஃப்ட் ஒண்ணும் சோறு கேக்காது."

வேங்கடசாமி சாய்வு நாற்காலியில் இருந்தார். அறையின் மூலையில் மலர்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் அதே மீசை. கலீல் சொன்னதை அவர் கண்ணை மூடிக் கேட்டார். மொட்டை, மீசை, அன்னூர்ச் சுவர், லாரிக்காரர் படித்த வரி. முடிந்ததும் அவர் கையை நீட்டினார்.

"எழுத்துல குடுத்துருங்க. நாளைக்குப் பத்து மணிக்கு நீங்களே வந்து சபையில படிச்சுருங்க. நான் தலைவருங்கற முறையில ஏத்துக்கறேன். தீந்துது."

"தீராதுங்க," என்றார் கலீல்.

"ஏன்?"

"அந்தப் படம் மாப்பிள்ளை வீட்டுச் சுவத்துல தொங்குது. எப்ப எழுதுனதுன்னு உங்க ஆளுங்க கேப்பாங்க. நான் கூலிக்கு வந்தவன். உக்கடத்துல இருந்து ஒரு பாய் வந்து நம்ம வீட்டுப்பேரைச் சொல்றதான்னும் கேப்பாங்க. நியாயமான கேள்விதான்."

கலீல் கருமாதி போட்டோவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இதுல முத்தியாலு மடியில ஒரு மொட்டைக் குழந்தை. மீசையைப் பாத்துட்டு உக்கார்ந்திருக்குது. அது யாருங்க?"

வெளியே ஒரு டவுன்பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"நான்தான்," என்றார் வேங்கடசாமி.

"அவரை நீங்க என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

லாஸ்யா கதவருகே நின்றிருந்தாள். கிழவர் அவளைப் பார்க்காமல், போட்டோவைப் பார்த்துச் சொன்னார்.

"மாமய்யா."

அப்பாவோடு பிறந்தவளைக் கட்டியவர் மாமா. சொந்த வீட்டுப்பெயர்க்காரராக இருந்திருந்தால் பெரியப்பா, சித்தப்பா என்றுதான் வந்திருக்கும். அந்த அறையில் இருந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்," என்றார் கலீல். குரலில் குற்றச்சாட்டு இல்லை, களைப்புதான் இருந்தது. "மலர்ல இல்லாத போட்டோவை நீங்களே தேடி எடுத்துக் கவர்ல வெச்சீங்க. பின்னால வருஷத்தையும் எழுதுனீங்க. அந்தப் பென்சில் எழுத்து புதுசு. நான் கண்டுபிடிக்கணும்னுதான் குடுத்தீங்க. ஏனுங்க, காலையிலேயே சொல்லியிருந்தா அன்னூருக்கு டீசல் மிச்சம்."

"இடுப்பும் மிச்சமுங்க," என்றார் அங்கப்பன்.

வேங்கடசாமி போட்டோவை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"எங்கத்தையைக் கட்டிட்டு எங்க ஊட்டோட இருந்தாரு மாமய்யா. எங்கப்பனுக்கு அப்ப தொழில் தெரியாது. இந்த வார்ப்படமே அவரு போட்டதுதான். மோட்டாருன்னு ஒண்ணை இந்தத் தெருவுல மொதல்ல சுத்த வெச்சது அவருதான். தாத்தா போயி நாலு வருஷம் கழிச்சு, அம்பத்தஞ்சுல, பட்டறையில பங்கு கேட்டாரு. எனக்கு ஒம்பது வயசு. வாசப்படியில உக்கார்ந்து பம்பரத்துக்குக் கயிறு சுத்திட்டிருந்தேன். எங்கப்பன் சொன்னாரு..."

நிறுத்தினார். தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். லாஸ்யா எடுத்துக் கொடுத்தாள்.

"'உன் வீட்டுப்பேரு வேற, என் வீட்டுப்பேரு வேற. உம்பேரு எங்க இருக்குதோ அங்க போ.' எங்கத்தை அழுதுட்டே துணிமூட்டையைத் தூக்குனா. மாமய்யா எந்தலையைத் தடவிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் அன்னூர்ல பெரிய ஆளானாரு. இங்க எல்லாரும் அவரு நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. நானும் சொன்னேன். சொல்லிச் சொல்லி, அட்டையிலயே போட்டுட்டேன். பேரை வெச்சுத் தொரத்தின ஆளுக்கு அதே பேரைக் குடுத்தா கணக்கு நேராயிரும்னு நினைச்சேன் போல."

"அந்தப் பையன் வாயைத் தொறந்தப்ப?"

"அப்பவே சொல்லியிருக்கணும். சபையில எங்கப்பன் படம் மாலையோட இருந்துச்சுங்க. வாய் வரலை. வேற யாராவது சொல்லட்டும்னு உங்களைத் தேடி வந்தேன்."

லாஸ்யா கிழவரின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, அப்ப நானும் ஸ்ரீனியும்?"

"அண்ணன் இல்ல கண்ணு." அவர் அவள் தலையில் கை வைத்தார். "முறைப்பையன். தேடியிருந்தாலும் இவ்வளவு சரியான முறை கிடைச்சிருக்காது."

"நாளைக்கு இதை நீங்க சொல்லணும்," என்றார் கலீல். "உங்கப்பா சொன்ன வார்த்தையோட, முழுசா. பேரு வேறன்னு உங்க வீட்டுலயே சொன்ன ஒரே சாட்சி அந்த வார்த்தைதான். அதைக் காதால கேட்டதுல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அசிங்கத்தை விட்டுட்டு உண்மையை மட்டும் சொல்ல வழியிருந்தா நானே சொல்லித் தந்திருப்பேன். இல்லைங்க."

வேங்கடசாமி மலர்க் கட்டுகளைப் பார்த்தார். "இந்த ஆயிரம் புஸ்தகத்தை என்ன செய்யறது?"

"உள்ள பதினாறு பேரு நல்லாத்தான் இருக்காங்க," என்றார் அங்கப்பன். "அட்டையை மட்டும் கிழிச்சுபோட்டு ஹாக்கிக்காரரைப் போடுங்க. பல்லு போனவரு, பாவம், இத்தனை நாளா முப்பத்திநாலாம் பக்கத்துல கெடக்கறாரு."

கிழவரின் உதடு ஒரு கணம் கோணியது. அது சிரிப்பாகவும் இருக்கலாம். பிறகு அவர் பேத்தியைப் பார்த்தார்.

"அன்னூருக்குப் போன் போடு, கண்ணு. சபைக்கு முன்னால அங்க சொல்லோணும்."

லாஸ்யா எண்ணைத் தட்டினாள். ஒலிபெருக்கியில் மணி அடித்தது. மூன்று, நாலு. எடுக்க மாட்டார்களோ என்று அவள் விரல் பொத்தானுக்குப் போனபோது குரல் வந்தது.

"சொல்லுங்க."

"அம்மணி, நான் வேங்கடசாமி. வெக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுக்குங்க." அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அம்பத்தஞ்சுல எங்கப்பன் முத்தியாலு மாமய்யாவைப் பாத்து, உன் வீட்டுப்பேரு வேற, என் வீட்டுப்பேரு வேற, உம்பேரு எங்க இருக்குதோ அங்க போன்னு சொன்னாரு. நான் கேட்டுட்டிருந்தேன். நாளைக்குச் சபையில இதை இப்படியே சொல்லப் போறேன். நீங்க பொய் சொல்லலை. நாங்கதான் சொன்னோம்."

"எனக்குத் தெரியுமுங்க," என்றார் பங்காரம்மா. "அன்னைக்கு அவரு கையைப் புடிச்சுட்டு நடந்து வந்தது எம்மாமனார். சாகற வரைக்கும் அந்த வார்த்தையை மறக்கலைங்க. பொண்ணு எந்த ஊடுன்னு தெரிஞ்சேதான் சரின்னேன். உங்க வாயில வருதான்னு ஆறு நாளாப் பாத்துட்டிருந்தேன்."

லாஸ்யா கைபேசியின் பக்கம் குனிந்தாள்.

"அத்தை, முகூர்த்தக்கால் எடுத்துட்டதா ஸ்ரீனி சொன்னாங்க."

"அவன் கெடக்கறான். எடுக்கச் சொன்னான், எடுக்கலை. நட்ட எடத்துலயேதான் இருக்குது அம்மணி. தெனமும் ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டுத்தான் இருக்கறேன்."

கலீல் ரஹ்மான் சத்தமில்லாமல் எழுந்து வாசலுக்கு வந்தார். பின்னால் வந்த அங்கப்பன் வேன் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏனுங்க பாய், போர்டை நாளைக்குக் கழட்டிரலாமுங்களா?"

கலீல் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து, வண்டிக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை அன்னூர்ல சாப்பாடு இருக்குது. அதை முடிச்சுட்டுப் பாக்கலாம்."